ஈயக்குட்டையில் கூப்பிட்ட பேர்

என் வீட்டுக்காரர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது இந்த ஆயுளில் ஒரே ஒரு தடவை. இங்கேயும் எழுதப் போவதில்லை. பெண்டாட்டி பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தில் எல்லாரும் நம்பினோம். இந்தக் காலத்துப் பெண்கள் பேரோடு 'டா'வும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும், நன்றாக இருக்கட்டும். எனக்கு இன்றுவரை நாக்கு எழவில்லை.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம் அது. பீடோங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மகள் கைக்குழந்தை. எனக்குப் பால் வற்றிவிட்டது. வற்றாமல் என்ன செய்யும்? காலையில் மரவள்ளிக்கிழங்கு, சாயங்காலமும் அதே கிழங்கு. கிழங்கு மாவைக் கரைத்துப் பிள்ளைக்கு ஊற்றினால் கக்கிவிடும். முதலில் வீறிட்டு அழுதாள். பிறகு முனகினாள். அப்புறம் முனகலும் நின்றுவிட்டது. பிள்ளை அழவில்லையே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுத தாய் நான்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஈயக்குட்டை இருந்தது. ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம், மழைத்தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடக்கும். வெள்ளைக்காரத் தொரை ஓடுவதற்கு முன்னால், எதிரி கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று ஸ்டோர் சாமான்களை அதில்தான் கொட்டச் சொன்னார். பெட்டிகளைத் தூக்கிப் போட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

"அதுல பால் டின் பெட்டியும் இருந்துச்சு புள்ள. என் கையாலதான் போட்டேன்" என்றார் ஒருநாள்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எறங்கச் சொல்லுவேன்னுதான்."

இறங்கச் சொன்னேன். வேறு வழி?

அவருக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார். மறுமுனை என் கையில். நெஞ்சோடு ஒரு பாறாங்கல்லை அணைத்துக்கொண்டு குதிப்பார், கல் அவரைக் கீழே கொண்டுபோகும். அடியில் கல்லை விட்டுவிட்டுச் சேற்றில் துழாவுவார். கீழிருந்து அவர் இழுத்துக் கயிறு வெடுக்கென்று வெட்டினால் நான் மேலே இழுக்க வேண்டும். குதிப்பதற்கு முன்னால் கரையில் நின்று கொல்லன் துருத்திபோல புஸ் புஸ் என்று வெகுநேரம் மூச்சு இரைப்பார். "மூச்ச சேத்து வச்சிக்கிறேன்" என்பார். அதுதான் ஆளை முடிக்கும் வேலை என்று பல காலம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அப்படி இரைத்துவிட்டுப் போனால் மூச்சுக்குத் தவிக்கும் தவிப்பே தெரியாதாம். தவிப்பு வருவதற்குள் நினைவு போய்விடுமாம். எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அதிகமாக இரைக்கச் சொல்லி நானே பக்கத்தில் நின்றேன்.

முதல் நாளே இரண்டு டின் கிடைத்தது. துருப்பிடித்திருந்தாலும் ஊதிப்போகவில்லை. திறந்து மோந்து பார்த்து, வெந்நீரில் கரைத்து, துணியை நனைத்துப் பிள்ளை வாயில் வைத்தேன். சப்பினாள். ஐயோ, அவள் சப்பிய சத்தம்!

அப்புறம் தினம் போனார். காது குத்துகிறது என்பார், மூக்கில் ரத்தம் வரும், துடைத்துக்கொண்டு மறுபடி குதிப்பார். போகப் போகக் கயிறு வெட்டுவது தாமதமானது. சில தடவை வெறுங்கையோடு மேலே வந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன சிரிப்பு? அங்க என்ன விருந்தா வச்சிருக்கு?"

"கீழ பசியே இல்ல புள்ள. வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோவுது. ஜப்பான்காரன் இல்ல, கணக்கெழுதுற கிராணி இல்ல, ஒரு சத்தம் இல்ல. மேல வரவே மனசு வரமாட்டேங்குதுலா."

"அப்ப நானும் புள்ளையும் எங்க போறது?" என்று கேட்டேன். அவர் அடுத்த கல்லைத் தேடிப் போனார். அன்றைக்கே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் இருந்த டின் காலியாகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கயிறு வெட்டவே இல்லை. பொறுத்துப் பார்த்தேன். இழுத்தேன். மூட்டைபோல வந்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கினேன். உதடெல்லாம் நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் பூட்டுப் போட்டதுபோல மூடியிருந்தது. மூச்சு இல்லை. ஒரு கையில் டின் மட்டும் இறுகிக் கிடந்தது.

"இந்தாங்க! இந்தாங்க! பாப்பா அப்பா!" என்று கத்தினேன். கன்னத்தில் அறைந்தேன். ஒன்றும் இல்லை. யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லையோ என்னவோ. அப்போதுதான் பேர் வந்தது. நானாகச் சொல்லவில்லை, என் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அதுவாக வந்தது. குட்டை முழுக்கக் கேட்டிருக்கும்.

'ஹக்' என்று ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று. இருமினார். கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"பேரச் சொல்லிட்டியாடி? போச்சு, என் ஆயுசுல பாதி போச்சு" என்றார்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதோடு குட்டைப் பக்கம் போகவிடவில்லை. மகள் கடைசி டின் தீர்வதற்குள் கஞ்சித்தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டாள், பிழைத்தாள்.

பிறகு லாரி வந்தது. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரியிலிருந்து அவர் கத்தினார்: "நான் வர்ற வரைக்கும் பேரச் சொல்லிடாதடி!"

சொல்லவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக வேறு தோட்டத்து ஆள் ஒருவர் எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் சுற்றி நின்று, அவரவர் வீட்டு ஆளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தோம். "ஒன் வீட்டுக்காரர் பேரு என்னா தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார். உயிரோடு இருந்தால்? வழியில் வந்துகொண்டிருந்தால்? என் வாய் திறக்கவில்லை. இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெண்களைச் சொல்லவைத்து அப்பா பேரை அவளுக்குப் பழக்கியிருந்தேன். மழலையில் சொன்னாள்.

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மூச்சை விடாமல் நின்றேன்.

"தப்பிச்சுப் போறேன்னு ஆத்துல எறங்குனாரும்மா. ரொம்ப நேரம் உள்ளயே இருந்தாரு. மேல வந்தப்ப கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, மூச்சுதான் இல்ல. நாங்க எல்லாரும் கரையிலதான் நின்னோம். கத்துனா ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சு போயிடும்னு, யாரும் பேரச் சொல்லிக் கூப்பிடல."