ஜெனியின் மூன்று பிள்ளைகளும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததை மறைத்து வைக்க எனக்கு அதிகாரமில்லை. ஜெனியே சொல்லச் சொன்னதால், பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

அவள் என் கொழுந்தன் ஆன்றனியின் மனைவி. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன், தவக்காலத்தில், அவளுக்கு மூன்றாவது பிள்ளையும் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே மாமி சொன்னார்:

"மூணையும் முழுங்கிட்டா. என் மவனுக்குன்னு இப்பிடி ஒண்ணு வந்து வாச்சிருக்கு."

ஜெனி அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நான் கருங்கலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அடிவயிறு வலிக்கிறது என்று வரும் பெண்களுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவோம். வேறு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே எழுந்து போவார்கள். கேட்க எங்களுக்கும் வெட்கம், கேட்கத் தெரியவும் தெரியாது. அதனால்தான் பாலியல் நலத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பில் தபால் வழியாகச் சேர்ந்தேன்.

முதல் புத்தகக் கட்டு வந்த அன்றே மாமி பிரித்துப் பார்த்துவிட்டார். வாசலில் மீன் வாங்க நின்ற பெண்களிடம் படங்களை விரித்துக் காட்டினார்.

"மாப்பிள கல்ஃப்ல கெடந்து சாவுதான். இவ படிக்கிய படிப்பப் பாத்தியளா? நாலு பேத்துக்கு முன்னால வாயத் தொறந்து சொல்ல முடியுமாட்டி இத?"

அவர்கள் சிரித்தார்கள். அந்தப் புத்தகங்கள் அன்றே அடுப்புக்குப் போயின. அடுத்த ஞாயிறு முதல் கோயிலில் வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. கல்ஃபிலிருந்து என் கணவர் போனில் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஊரே சிரிக்குது. நிறுத்திரு." ஜெனியும் நான் தொட்ட பாத்திரத்தில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அந்த நாட்களில் நான் செய்த ஜெபம் நல்ல ஜெபம் இல்லை. இந்த வீட்டை விட்டு என்னை எடுத்துவிடு என்றுதான் கேட்டேன், செத்தாலும் பரவாயில்லை என்று. ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் ஆளில்லாத கோயிலில் முழங்காலில் நின்று வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, இந்தப் படிப்பு அசிங்கம் என்றால் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும். உம்முடையது என்றால் ஒருத்திக்காவது உதவட்டும்."

அடுத்த புத்தகக் கட்டை மருத்துவமனை முகவரிக்கு வரவைத்திருந்தேன். அந்த வாரம் அங்கே உட்கார்ந்து படித்த பாடம், உடலுறவில் தொற்றிக் கர்ப்பிணிகளையும் தாக்கும் மேகநோய் (சிபிலிஸ்) பற்றியது. தாய்க்கு ஊசி போட்டாலும் கணவனுக்குப் போடாவிட்டால் நோய் திரும்பி வரும், வயிற்றுப் பிள்ளை சாகும் என்று இருந்தது. ஜெனியின் மூன்று பிள்ளைகளும் நினைவுக்கு வந்தன.

ஜெனியிடம் பழைய மருத்துவச் சீட்டுகளைக் கேட்டேன்.

"பிள்ளயள பறிகுடுத்தாச்சி. மானத்தையும் விக்கணுமாக்கா?" என்றாள். மாமியிடமும் சொல்லிவிட்டாள். மாமி என் கன்னத்தில் அறைந்தார். பத்து நாள் ஜெனிக்காக மட்டும் ஜெபித்தேன்.

பதினோராம் நாள் மருத்துவமனைக்கே வந்தாள். முந்தானைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். முதல் கர்ப்பத்தின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நோய் இருப்பதாகத் தெளிவாக எழுதியிருந்தது. அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அது எதற்கான ஊசி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆன்றனியை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த இரண்டு முறையும் கோயிலிலிருந்து வாங்கிவந்த நேர்ச்சை எண்ணெய் போதும் என்று, வலி வந்த பிறகே மாமி அவளை அனுப்பியிருக்கிறார்.

படகிலிருந்து ஆன்றனி வந்ததும் நோயைப் பற்றித் தனியாகப் பேசினேன்.

"மைனி, என்ன எவளோட சேத்துப் பேசுதிய?"

யார், எங்கே என்று குடைந்தால் நோயாளி வாய் திறக்க மாட்டார் என்று படித்திருந்தேன். "ஆளப்பத்தி நான் கேக்கல. புண்ணு ஏதாவது வந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்குக் கொஞ்சம் முந்தி. வலியே இல்ல. தானா ஆறிட்டு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்பம் பிள்ளயள கொன்னது நானா?"

டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

இருவரும் ஊசி முழுவதும் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகே ஜெனி மறுபடி கர்ப்பமானாள். மாதாமாதம் நானே கூட்டிப்போனேன். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியே குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டு ஆன்றனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மாமி மாறிவிட்டார் என்று சொன்னால் பொய்சாட்சி ஆகிவிடும். "கர்த்தர் தந்தாரு. இவளுக்க நாறப் படிப்பா தந்துது?" என்றார். ஞானஸ்நானத்தன்று குழந்தையை என் கையில் கொடுக்க விடவில்லை. கர்த்தர் தந்தார் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை.

படிப்பை முடித்துவிட்டேன். புதன்கிழமைகளில் மருத்துவமனையில் ஒரு சிறிய அறையில் உட்காருகிறேன். இந்த ஊரிலிருந்தும் வருகிறார்கள், அன்று வாசலில் சிரித்தவர்களும் வருகிறார்கள். நான் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறேன்.

சகோதரிகளே, என்னை நிர்வாணமாக்கியது போல ஊரே சிரித்த நாட்களில் ஆண்டவர் என்னை விட்டுப் போகவில்லை. மற்றவர்களிடம் சொல்ல முடியாத இடத்தில் உங்களுக்கு வலி இருந்தால் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவருக்கு அது அசிங்கம் இல்லை. சொல்லிவிட்டு எழுந்து மருத்துவமனைக்கு வாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.