எத்தனை கரண்டி

டாக்டரின் மேசைக்கு முன்னால் அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா, நாற்காலியில். அவள் மடியில் தம்பி, ஒன்றரை வயது, கண் பாதி மூடியிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் அப்பா, தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு. கதவோரம் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி, வயிற்றில் ஐந்து மாதம். அவளுக்குப் பக்கத்தில் மாமா, அம்மாவின் தம்பி, ஹட்டனில் புடவைக் கடையில் வேலை. டாக்டர் சிங்களவர். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு நேர்ஸ். அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். கடைசியில் நான், ஒன்பது வயது.

நாங்கள் எல்லோரும் அங்கே வந்து நின்றதற்குக் காரணம், முதல் நாள் நாங்கள் எல்லோரும் தம்பியை நன்றாகக் கவனித்துக்கொண்டதுதான்.

முதல் நாள் திங்கட்கிழமை. காலையில் அம்மா வழக்கம்போல அவனைத் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடப் போனாள். ஆயம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். காய்ச்சல் பிள்ளையை உள்ளே எடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டும் என்றார். அவர் சொன்னது சரி. அம்மா அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் நின்றால் அந்த மாதம் பேர் குறையும். வேலை செய்த நாளைத்தான் நாங்கள் பேர் என்போம். அதனால் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் தம்பியோடு வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அப்பா தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போய்ப் பாணி மருந்து வாங்கி வந்தார். அந்த நாளில் போத்தலை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே ஊற்றிக் கொடுப்பார்கள். நாங்கள் கொடுத்தனுப்பியது ஒரு பழைய சர்பத் போத்தல். அதில் கோடும் இல்லை, எழுத்தும் இல்லை. சின்னத் தேக்கரண்டியில் ஒன்று, அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதைச் சரியாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் வேலை செய்த தேயிலை ஸ்டோருக்கு நேரமாகிவிட்டது. சீனிப் பேணியில் கிடந்த பெரிய கரண்டியை எடுத்து ஒன்று கொடுத்தார். "காய்ச்ச அடிச்சா ஒரு கரண்டி. அம்மாகிட்ட சொல்லிரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார். நேரக் கணக்கு அவரோடேயே ஸ்டோருக்குப் போய்விட்டது.

மருந்து சிவப்பு நிறம். இனிப்பு. சோற்றைத் துப்புகிறவன் அதற்கு மட்டும் வாயைத் திறந்தான். அதைப் பார்க்க எல்லோருக்கும் பிடித்தது. பன்னிரண்டு மணிக்கு அம்மா சாப்பாட்டுக்கு வந்தாள். தொட்டுப் பார்த்தாள், சூடு. ஒரு கரண்டி கொடுத்தாள். அப்பா கொடுத்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால் நான் சொல்லவில்லை.

அம்மா திரும்பி மலைக்குப் போனதும் லய வரிசையில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவிலிருந்து சித்தி வந்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் அப்போது பேச்சு இல்லை. தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கிற வரிசையில் ஏதோ சண்டை, மூன்று வாரமாக. அம்மா இல்லாத நேரம் பார்த்து வந்து பிள்ளையைத் தூக்குவாள். அன்றைக்கும் தூக்கினாள். உடம்பு கொதிக்கிறதே என்று ஒரு கரண்டி கொடுத்தாள்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லாத. நான் தொட்ட போத்தலக் கூட கழுவி வைப்பா."

நான் சொல்லவில்லை.

பிறகு என் முறை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் லயத்துக்குக் கீழே கிளித்தட்டு விளையாடத் தொடங்கினார்கள். தம்பி அழுதுகொண்டே இருந்தான். மருந்து கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தூங்குகிறான் என்பதை நான் காலையிலிருந்து பார்த்திருந்தேன். ஒரு கரண்டி கொடுத்தேன். தூங்கினான். கதவைச் சாத்திவிட்டு விளையாடப் போனேன். அம்மா வருவதற்கு முன் வந்துவிட்டேன்.

சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அம்மா ஒன்று கொடுத்தாள். அம்மா பீலிக்குப் போயிருந்த நேரம் ஹட்டனிலிருந்து மாமா பிஸ்கட்டோடு வந்தார், அவர் ஒன்று கொடுத்தார். "மருந்த இப்படிக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவன் நம்ம சாதிசனத்துலயே இவன் ஒருத்தன்தான்" என்று சிரித்தார். விளக்கு வைத்த பிறகு அப்பா வந்து ஒன்று கொடுத்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். அவரவர் கொடுத்த கரண்டியால்தான் விட்டது என்று அவரவருக்கு நினைப்பு.

விடியும்போது தம்பி வாந்தி எடுக்கத் தொடங்கினான். தண்ணீர் கொடுத்தாலும் நிற்கவில்லை. தலை தோளில் நிற்காமல் சாய்ந்தது. மாமா சந்திக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். சித்தி யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். அம்மா இறங்கச் சொல்லவில்லை.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு, என்ன மருந்து கொடுத்தீர்கள், எத்தனை தரம் என்று கேட்டார். மிஸ் தமிழில் சொன்னார்.

"ஒரு வாட்டிங்க மிஸ்" என்றாள் அம்மா.

"காலையில நான் ஒன்னு குடுத்தேங்க" என்றார் அப்பா.

நேற்றுச் சாயங்காலம்தான் வந்தேன் என்றார் மாமா. அது பொய் இல்லை, பதிலும் இல்லை. சித்தி சுவரைப் பார்த்தாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு அவர்கள் பொல்லாதவர்கள் என்று தோன்றலாம். அப்படி இல்லை. மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் எண்ணிக்கை கேட்டால் குறைத்துச் சொல்வது எங்கள் பழக்கம். காம்பராவில் எத்தனை பேர், எத்தனை கோழி, எத்தனை கட்டு விறகு. கூடச் சொன்னவனுக்குத்தான் தொல்லை வந்திருக்கிறது. குறைத்துச் சொன்னவனுக்கு ஒன்றும் ஆனதில்லை.

மிஸ் தன் தேநீர்க் கோப்பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்துக் காட்டினார். இதிலா கொடுத்தீர்கள் என்றார். அம்மா தலையாட்டினாள்.

"இல்ல. சீனிக் கரண்டி. பெருசு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. கரண்டி தப்பாக இருந்தது, அதனால் சொன்னேன். மிஸ் என்னிடம் வந்து குனிந்தார்.

"நீ வீட்டுலயா இருந்த, தங்கச்சி?"

"ஆமா."

"பெரிய கரண்டியில இது மூணு கொள்ளும். யாரையும் ஏசுறதுக்குக் கேக்கல. எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் தம்பிக்கு மருந்து ஏத்தலாம். தெரியலன்னா அவன் ஈரல் கெட்டுப் போயிரும். சரியா சொல்லு."

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்ற பார்வை. அம்மாவின் மடியில் தம்பி மறுபடி குமட்டினான், ஒன்றும் வரவில்லை.

நான் விரலை மடக்கினேன். காலையில் அப்பா. பகலில் அம்மா. பிறகு சித்தி. சாயங்காலம் அம்மா. மாமா. ராத்திரி அப்பா. ஒவ்வொரு விரலுக்கும் ஒருவர் தலை குனிந்தார்.

அம்மா திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். "நீயுமா?"

"அழுதுச்சுக்கா. பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறது."

மூன்று வாரத்துக்குப் பிறகு இருவரும் பேசியது அதுதான்.

டாக்டர் தம்பியை நிறுக்கச் சொன்னார். கணக்குப் போட்டார். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். நான்கு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். மூன்று தரம் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு தரமும் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மூன்றாவது தரம் தலையாட்டினார். அம்மாவும் சித்தியும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

மிஸ் எனக்கு ஒரு டொபி கொடுத்தார். பெரியவர்கள் மறைத்ததைச் சின்னப் பிள்ளை உண்மையாகச் சொன்னது என்று வார்டில் எல்லோரிடமும் சொன்னார். நான் டொபியைத் தின்றேன்.

தம்பி பிழைத்தான். இப்போது கொழும்பில் வேலை. ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். என் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது நான் ஒருத்திதான். போத்தலோடு வரும் அளவு மூடியில் கொடுப்பேன். கொடுத்த நேரத்தைக் கதவில் சோக்கால் எழுதுவேன். வேறு யாரும் கொடுத்தால் அவர்களும் எழுத வேண்டும். என் புருஷன் இதைப் பார்த்து, ஆஸ்பத்திரி நடத்துகிறாய் என்பார். பேசட்டும்.

டாக்டர் எழுதிய தாளை நான் அன்றைக்கு எட்டிப் பார்த்தேன். எங்கள் பெயர் ஒன்றும் அதில் இல்லை. தம்பியின் நிறையும் கரண்டி எண்ணிக்கையும் மட்டும் இருந்தன. அதைப் பார்த்த பிறகும் எனக்கு விளங்கவில்லை, அவர் ஆளைத் தேடவில்லை, எண்ணைத்தான் தேடினார் என்று. விளையாடப் போனது தெரிந்துவிடும் என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டில் இன்றைக்கும் ஆறு கரண்டி என்றுதான் சொல்கிறார்கள். தம்பியும் அப்படித்தான் சொல்கிறான். அவன் வயிற்றுக்குள் போனது ஏழு.