அம்மா தின்ற பல்பம்

ஒன்றாம் வகுப்பில் என் பல்பங்கள் வேகமாகத் தீர்ந்தன. நான் நிறைய எழுதியதால் அல்ல. அம்மா தின்றாள்.

இரும்புலியூரில் எங்கள் வீடு அப்போது ஒரே அறை. அம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ரோட்டோரம் மீன் விற்க உட்கார்ந்தாள். இன்றும் விற்கிறாள். சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து சாய்வாள். நான் சிலேட்டில் எழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். கை நீளும்.

"ஒரு துண்டு குடுடி."

"எனக்கு எழுதணும்மா."

"நீ அந்த முனையில எழுது. இந்த முனை எனக்கு."

கடக்கென்று ஒரு கடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மெல்வாள். அல்வா தின்னும்போதுகூட அவள் முகத்தில் அந்த நிறைவை நான் பார்த்ததில்லை. மீன் வாசனையோடு, முதல் மழை விழுந்த தரையின் வாசனையும் அவள் மூச்சில் வரும். அந்த வாசனையில்தான் நான் எழுதப் படித்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அந்தப் பெருமையில், அம்மாவின் பல்பத்துக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். படிக்கக் கிடைக்காத ஏக்கம் அவளுக்கு. எழுத்தை எழுத முடியாதவள் எழுதுகோலைத் தின்கிறாள். கல்லூரியில் முதல் நாள் எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது இதைத்தான் சொன்னேன். வகுப்பே கைதட்டியது. பிறகும் பல இடங்களில் சொன்னேன்.

போன வருஷம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் நின்றுவிடுவாள். பக்கத்தில் மீன் விற்கும் அக்காவும் கூட வருவார். சும்மா விடமாட்டார்.

"இன்னாக்கா, மேல போட்டோ புடிக்கிறாங்களா? நின்னு நின்னு போற?"

"ஆமா, உன்னையும் சேத்துத்தான் புடிக்கிறாங்க. மூஞ்ச தொடச்சிகினு வா."

சிரித்துச் சமாளித்தாளே தவிர, அவள் உதடு வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் பண்ணித்தான் ஆக வேண்டும். ஆனால் பண்ண முடியாது.

"இவ்ளோ கம்மியான ரத்தத்த வெச்சுக்கிட்டு மயக்க மருந்தே குடுக்க முடியாதும்மா. மொதல்ல ஏறட்டும்" என்றவர், நிமிர்ந்து கேட்டார்: "மண்ணு, சாம்பல், பச்சரிசி, இந்த மாதிரி ஏதாவது திங்கணும்னு தோணுமா?"

பிடிபட்ட குழந்தை மாதிரி அம்மா என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு பல்பம் இருந்தது.

"இரும்புச்சத்து கொறஞ்சா இப்படித்தான். ஏறிடுச்சுன்னா தானா நின்னுடும்" என்றார் டாக்டரம்மா.

நான் படித்தது விலங்கியல். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரியாக இருந்தது. அதற்கு அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். நட்சத்திரத்தின் வயிற்றில் உருவான இரும்புதான் பூமிக்கு வந்தது, மண்ணைச் சிவக்க வைத்தது, கலப்பையும் கத்தியும் தண்டவாளமும் ஆனது, நம் ரத்தத்தில் இருந்துகொண்டு மூச்சுக்காற்றைச் சுமக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா உட்கார்ந்த இடத்தைச் சுற்றி எல்லாமே இரும்பு. அரிவாள்மனை இரும்பு, தராசு இரும்பு, முதுகுக்குப் பின்னால் ஓடும் ரயில் இரும்பு. அவளுக்குள் மட்டும் இல்லை.

மாத்திரை கொடுத்தார்கள். ஏறவில்லை. மறுபடி பரிசோதித்தார்கள், அப்போதும் ஏறவில்லை. "முழுங்குறீங்களா, தூக்கிப் போட்டுடுறீங்களா?" என்று டாக்டரம்மா அதட்டினார்.

"சத்தியமா முழுங்குறேம்மா" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. கட்டி காத்திருக்காது.

மறுநாள் காலையில் அவள் விற்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்தேன். சங்கராமீனில் முதல் போணி ஆனது. உடனே பக்கத்து அக்கா பார்சல் டீயை இரண்டு கப்பில் ஊற்றினார். போணி ஆனதும் டீ குடிப்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் வழக்கம். அம்மா மாத்திரையை வாயில் போட்டாள், டீயை ஊற்றி விழுங்கினாள்.

"டீயிலயாம்மா போடுற?"

"மறக்கக் கூடாதுன்னுதான்டி. போணி டீய மறக்க மாட்டேன்ல."

"டீ அந்த இரும்ப புடிச்சு வெச்சுக்கும்மா. ரத்தத்துல சேரவே விடாது."

அக்கா கப்பைத் தூக்கிப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளா மாத்திரையெல்லாம் டீக்குத்தான் சத்து குடுத்துச்சா? அதான் செம ஸ்ட்ராங்கா கீது!"

சாலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம். அன்றிலிருந்து மாத்திரைக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர், டீ தள்ளிப்போனது. மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது.

அதற்கு முன் யாராவது ரத்தம் கொடுத்து வைக்கச் சொன்னார்கள். நான் போனேன். ரத்த வங்கியில் இருந்தவர் என் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டார். இரும்பு போதாத ரத்தம் மிதக்குமாம். என்னுடையது கல் மாதிரி இறங்கியது.

"சூப்பர் ரத்தம் மேடம். நெறைய பொண்ணுங்களுக்கு மெதக்கும். என்ன சாப்பிடுறீங்க?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வாங்கி வரும் சுவரொட்டி, ரத்தம் ஊறும் என்று சொல்லும் ஆட்டு மண்ணீரல், நினைவுக்கு வந்தது. படிக்கிற பெண்ணுக்கென்று எனக்கு மட்டும் சுட்டுக் கொடுப்பாள். சட்டியில் ஒட்டியதைச் சோற்றால் துடைத்து அவள் சாப்பிடுவாள். மீனிலும் எனக்கு நடுத்துண்டு, அவளுக்கு வால்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா இப்போது பாலத்தில் எனக்கு முன்னால் ஏறுகிறாள். போன மாதம் ஒரு டப்பா பல்பம் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். ஒன்றைக் கடித்தாள், உடனே துப்பினாள்.

"ஐயே, மண்ணு மாதிரி கீது. இதையா தின்னுகினு இருந்தேன்?"

"நீ படிக்கணும்னு ஆசப்பட்டுத்தான் தின்னேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா."

"படிப்பா? அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?" வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "ஆனா ஒண்ணு. கடையில தனியா தின்னா அவ்ளோ ருசி இல்ல. நீ எழுதறத பாத்துகினே தின்னாத்தான் ருசி."

டப்பாவை எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒருநாள் நானும் கடித்துப் பார்த்தேன். வெறும் மண்தான். என் ரத்தத்துக்கு அது தேவையில்லை.

அந்த வெளுத்த உதட்டுக்காரி திரும்பி வரவே கூடாது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் என் பக்கத்துத் தரையைப் பார்த்துவிடுகிறேன். ஈரக் கையோடு யாரோ வந்து சாய்ந்து, ஒரு துண்டு கேட்கப் போகிற மாதிரி.