கேட்டு வாங்கிய கடைசி டோக்கன்

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் கடைசி டோக்கன் வாங்கினேன். கேட்டு வாங்கினேன்!

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். எந்த டாக்டரானாலும் எனக்கு முதல் டோக்கன்தான் வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவையும் இரண்டு முறை முதல் பஸ்ஸில் அப்படித்தான் இதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவள் கணவர் லாரி டிரைவர். வீட்டில் இருப்பதே அபூர்வம்.

ஸ்டெல்லாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. மத்தியானத்துக்கு மேல் இமைகள் தானாக இறங்கிவிடும். சாயங்காலமானால் சோற்றை மெல்லக்கூடத் தாடை ஒத்துழைக்காது.

"தூங்கிக்கினே தைக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு அண்ணா. இன்னொரு தபா பார்த்தா வேலைக்கே வராதன்னுட்டாரு."

இரண்டு முறையும் காலையில் டாக்டர் பார்த்தது விரிந்த கண்களைத்தான். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடிக்கிறாளோ என்று நானும் நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது முறை அவளுக்கு அரை நாள்தான் லீவு கிடைத்தது. போய்ச் சேரும்போது மாலை ஆறு மணி. டோக்கன் நாற்பத்து மூன்று... எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள்.

உள்ளே போனதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லாவின் இடது கண் முக்கால்வாசி மூடியிருந்தது. கீழே ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வரவழைத்தார். கையுறையில் கட்டி, இமை மேல் வைத்தார். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால்... இமை மேலே ஏறியிருந்தது!

"இதை ஏம்மா காலையில வந்து காட்டினீங்க? ராத்திரி தூங்கி எழுந்தா இந்த நோய் ஒளிஞ்சிக்கும்" என்றார்.

பிறகு விளக்கினார். நரம்பு தசைக்கு வேலை சொல்வது ஒரு ரசாயனத்தை அனுப்பித்தானாம். தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ரசாயனம் வந்து ஒட்டியதும் அங்கே ஒரு குட்டி வாசல் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், தசை அசையும். நரம்பும் நரம்பும் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் இப்படித்தான். ஸ்டெல்லாவின் உடம்பில் நோயை எதிர்க்க வேண்டிய படையே ஆள் தெரியாமல் அந்த ஏற்பிகளை அடைத்துவிட்டது. காலையில் சமாளிக்கும் தசை, வேலை செய்யச் செய்யத் துவண்டுவிடும். பிறகு வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது.

"சரியாயிடுமா சார்?" என்று கேட்கும்போது அவள் குரல் மூக்கடைத்தது போல வந்தது.

"கட்டுக்குள்ள வெச்சிக்கலாம். அந்த ரசாயனம் ஜல்தியா கரையாம பார்த்துக்க மாத்திரை இருக்கு. தைரியமா வேலைக்குப் போங்க."

டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பார்த்த சூப்பர்வைசர் அவளை வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். நாம் சோம்பேறி என்று முத்திரை குத்திய எத்தனை பேருக்கு உள்ளே ஏதோ ஒரு வாசல் அடைத்திருக்கிறதோ?

போன வாரம் போனது மறுபரிசோதனைக்கு. மாத்திரை மாலை வரை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமே... அதனால்தான் கடைசி டோக்கன். மணி ஏழரை. பெயரைக் கூப்பிட்டதும் ஸ்டெல்லா என் தோளைத் தட்டினாள். அவளுடைய இரண்டு கண்களும் பளிச்சென்று திறந்திருந்தன.

தூங்கி வழிந்தது நான்தான்!