உப்பு முடிச்சு

பதுளைக்கு ரயில் வராத காலம். நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் ஓர் அறையில் நானும் என் புருஷனும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தோம். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கடைக்காரர் உப்பு நிறுத்தால் குனிந்து தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பேன்.

எனக்கு வாய்த்தவரோ அதிர்ந்து பேசத் தெரியாதவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். பகல் முழுவதும் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, சின்னவளைத் தோளில் போட்டுத் தூங்கவைப்பார். இவ்வளவு நல்லவராக ஒரு மனுஷன் ஏன் இருக்க வேண்டும்? எனக்கு அதுவே உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. மற்ற ஆண்கள் லயத்து வாசலில் சாய்ந்து கிடக்க, அவர் மட்டும் மத்தியானம் சாப்பிட்டதும் மலை ஏறிவிடுவார். கேட்டால், சும்மா காற்று வாங்கத்தான் என்பார். காட்டையும் மேட்டையும் கண்டால் அவருக்குக் கால் நிற்காது, அது தெரிந்ததுதான். ஆனால் வேட்டியில் ஒரு கை கல்லுப்பை முடிந்துகொண்டு போனார். அட்டைக் கடிக்கு ஒரு சிட்டிகை போதும். மிச்சம் யார் வீட்டுக் குழம்புக்கு? மேல் லயத்தில் தனியாக இருந்த ஒருத்தியின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவளோடு போய்விட்டால் இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஒரு ஞாயிறு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். மேல் லயத்துக்குப் பிரியும் பாதையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கெட்டிக்காரர், சுற்றிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். காட்டோரத்தில் அட்டைகள் என் காலில் ஏறின. தேய்க்க உப்பு இல்லை. சட்டியில் இருந்ததை அவர் வழித்துக்கொண்டு வந்திருந்தார்.

மேலே, மானாப்புல் மேட்டில் ஒரு பாறை. அதன்மேல் உப்பைத் தூவிவிட்டு, தள்ளிப் போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்தார். பொழுது சாயும் நேரம் காட்டுக்குள்ளிருந்து ஒரு மரை மான் வந்தது. கூடவே குட்டி. இரண்டும் பாறையை நக்கின. பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மரைகள் போன பிறகு பாறைக்குப் பின்னால் போய் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

என்னைக் கண்டு அவர் கோபப்படவில்லை. காலில் வழிந்த இரத்தத்தைத் துண்டால் துடைத்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உப்ப வீணாக்குறேன்னு ஏசுவியோன்னு பயந்தேன் புள்ள."

ஏசியிருப்பேன்தான்.

அடுத்த ஞாயிறு முதல் உப்பை நானே முடிந்து கொடுத்தேன். அவர் திரும்பி வந்ததும் வேட்டியை முகர்ந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

பல வருடம் கழித்து, ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து வந்த முதல் ஞாயிறு, முந்தானையில் உப்பை முடிந்துகொண்டு நான் ஏறினேன். பாறையில் தூவிவிட்டு அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு மரை வந்தது. காட்டோரத்திலேயே நின்று, காதை விடைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. ஓரடி முன்னால் வைக்கவில்லை. நான் யாரென்று அதற்கு எப்படித் தெரியும்? எழுந்து கீழே இறங்கினேன். உப்பை நக்கியதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.