பேரிங் அக்கா

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, கண்ணை மூடி நிற்கிறார் ஆதிலட்சுமி. அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சேதராப்பட்டுச் சாலையில் லாரிக்காரர் ஆரன் அடித்தால், தன்னைத் தொந்தரவு செய்யவே அடித்ததுபோல் அந்தப் பக்கம் முறைப்பார். பிறகு நுனியை நாலு விரற்கடை தள்ளி ஊன்றுவார். மறுபடி காது.

நாற்பத்தைந்து வயது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருஷம் பேரிங் பொருத்தும் பிரிவில் இருந்தார். அதை மூடியதும் அதே சாலையில் தகரக் கொட்டகை போட்டு வண்டி பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டார். சுழலும் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற, உள்ளே குண்டுகள் உருளும் அந்த வளையங்களோடு பழகிப் பழகி ‘பேரிங் அக்கா’ என்ற பெயரும் வந்துவிட்டது. தேய்ந்துபோன ஒன்றைக் கழற்றினால் சட்டென்று வீசமாட்டார். உள்ளங்கையில் வைத்துத் துடைத்து, “நல்லா உழச்ச, போ” என்று சொல்லிவிட்டுத்தான் பழைய இரும்பு டின்னில் போடுவார்.

இதையெல்லாம் சந்திரமோகன் நான்கு நாள் கூடவே இருந்து பார்த்தார். அவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் கார் ஓட்டுகிறவர். ஒரே கார்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிவந்த சொல்தா ஒருவரின் வீட்டிலிருந்து வாங்கிய பழைய ஜெர்மன் கார், வெள்ளி நிறம். எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ள அதில் ஒரு சூப்பர்சார்ஜர் உண்டு. இரண்டு மாதமாக முன்பக்கத்தில் மாவு மில் ஓடுவதுபோல் இரைச்சல். இரண்டு பட்டறைகளில் “எஞ்சின் போச்சு” என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் பழைய இரும்புக்கு எடுக்கிற ஆளையே கூட்டிவந்து காட்டினார். வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை காலை கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தியவர், “இந்த வண்டி ஓடுனாதாம்மா எங்க வூட்ல ஒல கொதிக்கும்” என்று மட்டும் சொன்னார்.

எஞ்சினோடு மற்ற பாகங்களைச் சுழற்றுகிற பெல்ட்டை ஆதிலட்சுமி கழற்றினார். “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா. ஒரு நிமிஷத்துக்கு மேல வோணாம், தண்ணி பம்பும் சுத்தாது, சூடாயிடும்.”

எஞ்சின் ஓடியது. இரைச்சல் இல்லை.

“கேட்டிங்களா? எஞ்சின் மேல பழி போடாதிங்க. அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்குது.”

பெல்ட் சுற்றுகிற சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினார். எல்லாம் வெண்ணெய்போல் சுற்றின. சூப்பர்சார்ஜரின் சக்கரத்துக்கு வந்ததும் நின்று, “இத நீங்களே சுத்திப் பாருங்க” என்றார். சந்திரமோகனின் விரலில் மணல் நெரிவதுபோல் இருந்தது. அதன் எண்ணெய் மூடியைத் திறந்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, மினுங்கும் இரும்புத் தூளோடு சொட்டியது.

“முன் பேரிங்தான் போச்சு, மாத்திடலாம். இதோட ஓட்டியிருந்தா உள்ள இருக்கற ரெண்டு உருளையும் ஒண்ணோட ஒண்ணு ஒரசியிருக்கும். அப்பறம் நானும் ஒண்ணும் செய்ய முடியாது.”

சந்திரமோகன் அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

சென்னையிலிருந்து பேரிங்குகள் வந்து சேரப் புதன்கிழமை ஆனது. கூடவே ஆதிலட்சுமியின் கணவர் ராஜவேல் மீன் பெட்டி ஒன்றில் ஐஸ் கொண்டுவந்தார். அதில் கல்லுப்பைக் கொட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிய பேரிங்கைப் புதைத்தார் ஆதிலட்சுமி. அடுப்பில், பேரிங் உட்காரும் சூப்பர்சார்ஜரின் மூக்குப் பகுதி சூடாகிக்கொண்டிருந்தது. “சூட்டுல அது விரியும், குளிர்ல இது சுருங்கும். சுத்தியல் எடுத்தா புதுசும் பாழ்” என்றார். சொன்னபடியே பேரிங் ‘டக்’கென்று தானாக உள்ளே இறங்கியது.

வியாழன் காலை வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சந்திரமோகன் கைகூப்பினார். ஆனால் ஆதிலட்சுமி ஸ்க்ரூடிரைவரில் வைத்த காதை எடுக்கவில்லை.

“நிறுத்துங்கண்ணா. பின்னால ஒண்ணு பேசுது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலயேம்மா. நாளைக்குக் கல்யாணம். இதே போதும்.”

“ஒங்களுக்குக் கேக்கற அளவுக்கு அது வளந்துட்டா, பொண்ணு மாப்ளயோட நடுரோட்ல நிப்பிங்க.” ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சார்ஜரோட பின்பக்கத்து பேரிங், குண்டுக்குப் பதிலா ஊசி வச்சது. புதுசு வாங்கி வச்சிருந்தும், பழசே நல்லாருக்குன்னு நான்தான் மாத்தாம வுட்டேன். எம்மேலதான் தப்பு.”

இரண்டு பட்டறைகளிலும் எல்லாத் தப்பும் காரின் தப்பாகத்தான் இருந்தது. ‘எம்மேலதான்’ என்று ஒருவர் சொல்லிச் சந்திரமோகன் கேட்டது இதுதான் முதல் தடவை. அவரே போய் ஸ்பானர் தட்டை எடுத்துக்கொடுத்தார்.

முழுக்கக் கழற்றி, மாற்றி, திரும்பப் பூட்டும்போது மணி நாலு. இந்த முறை ஆதிலட்சுமி அவரையே காது வைக்கச் சொன்னார். காற்று போகும் ஓசை மட்டும் சீராகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் அந்தக் கார் மேளத்துக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் ஊர்ந்தது, எங்கும் முனகவில்லை. சனிக்கிழமை காலை, கண்ணாடியில் மல்லிகைச் சரம் வாடித் தொங்க, சந்திரமோகன் நேராகக் கொட்டகைக்கு வந்தார். நன்றியாக என்னவெல்லாமோ சொல்ல யோசித்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, சுற்றிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். ஏறுங்கம்மா.”

நான்கு நாள் அந்தக் காருக்குள் தலையைவிட்டுக் கிடந்தவர், இருக்கையில் சிதறிக் கிடந்த பூக்களைப் பார்த்துத் தயங்கினார். கைகளைச் சட்டையில் துடைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி, சாலையோர மண்ணில் ஜோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு ஏறினார்.