கவிழ்க்காத சாடி

இயேசுதாசன் படியேறி வருகிறார் என்றாலே ஜாலான் புசார் தெருப் பக்கம், கீழே கடையும் மேலே குடித்தனமுமான கடைவீடுகளில் பெண்கள் அவசர அவசரமாக வாளிகளைக் கவிழ்ப்பார்கள். கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் ஒரு கரண்டியும் ஒரு பொட்டலம் உப்பும். அவருக்குக் கொசு ஒழிப்பு வேலை. பிள்ளைகள் ‘கொசு மாமா’ என்று கேலி செய்வதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே முடியாது, மனிதர் அவ்வளவு கறார்.

1973, டெங்கிக் காய்ச்சல் ஊரை ஆட்டிப் படைத்த வருஷம். தெருத்தெருவாகப் புகை அடித்தார்கள். புகைக்குச் சாவது பறக்கிற கொசு மட்டும்தான், தண்ணீரில் கிடக்கிற புழு நாளைக்குச் சிறகு முளைத்து வரும் என்பது இயேசுதாசனுக்கு மனப்பாடம். அதனால் வீடு வீடாக ஏறினார். சாப்பாட்டு அலமாரிக்கு எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது அந்நாளைய வழக்கம். அந்தக் கிண்ணங்களில் தன் கையாலேயே உப்பை அள்ளிப் போட்டார். பூந்தொட்டித் தட்டுகளில் மணல் நிரப்பச் சொன்னார். தண்ணீர்ப் பீப்பாய்களின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுக்கிக் கட்ட வைத்தார். எல்லாம் காசில்லாத வைத்தியம், நன்றாகவே பலித்தது. மனிதரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அந்த இடம் ஒரு கடைவீட்டின் மாடி. பலகை வைத்துத் தடுத்த அறைகள். முன்னறையில் அல்போன்சம்மாள் இருந்தார். விதவை, பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, இயேசுதாசன் போகிற அதே மாதா கோயில். அடுத்த அறையில் துரைசாமி, அவர் மனைவி பூவம்மா, ஏழு வயது மகள் சிவகாமசுந்தரி. துரைசாமிக்கு இரும்புக் கடையில் சுமை தூக்கும் வேலை. தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை என்பதால் மகளைத் தரையில் விடமாட்டார்.

பூவம்மா சாமி படத்துக்கு முன்னால் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து மாவிலை செருகியிருப்பாள். மார்ச் மாதம் ஒருநாள் அதில் இரண்டு புழு நெளிவதை இயேசுதாசன் பார்த்துவிட்டார். அபராதம் எழுதவில்லை. ஆனால் புருஷனை வைத்துக்கொண்டே திட்டித் தீர்த்தார்.

“இப்படித் தண்ணிய வெச்சிருந்தீங்கன்னா உங்க பிள்ளைய நீங்களே கொசுவுக்குத் தூக்கிக் கொடுக்கறீங்கன்னு அர்த்தம்.”

பூவம்மா அன்றிலிருந்து தினமும் செம்பைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் வைத்தாள்.

அல்போன்சம்மாள் அறையில் மாதா சொரூபத்துக்குக் கீழே ஒரு பீங்கான் சாடி உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம், அடுத்த பாஸ்கா வரைக்கும் அதில்தான் இருக்கும். மேலே அவரே பின்னிய லேஸ் துணி. ஓட்டை ஓட்டையான துணி, கொசு குடும்பத்தோடு போய் வரலாம். இயேசுதாசன் வாரா வாரம் அந்தத் துணியை விலக்கினார், விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார், துணியை மூடிவிட்டுப் போனார். நிழல் விழுந்ததும் புழு அடிக்குப் போய்விடும், ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால்தான் மூச்சு வாங்க மேலே வரும் என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். சாடிக்கு முன்னால் அந்த ஒரு நிமிஷம் அவர் நின்றதில்லை. மந்திரித்த தண்ணீரில் புழு வரும் என்ற நினைப்பே பாவமாகப் பட்டிருக்கும். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆகஸ்டில் சிவகாமசுந்தரிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பூவம்மா பதறிப்போய், அக்கா உங்க கோயில் தண்ணியக் கொஞ்சம் தெளிங்க என்று அல்போன்சம்மாளைக் கெஞ்சினாள். அந்த அம்மாளும் அழுதுகொண்டே ஜெபம் சொல்லி, சாடியிலிருந்து எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் தெளித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறாம் நாள் பிள்ளை போய்விட்டது.

மறுநாள் காலையில் கொசு ஒழிப்புக் குழு முழுவதும் அந்த வீட்டில் இறங்கியது. புழு எங்கே வளர்ந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். மாடியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இயேசுதாசன் தனியாக ஏறினார். பூவம்மாவின் அறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. செம்பில் தண்ணீர் பளிங்காக இருந்தது. முன்னறைக்கு வந்து லேஸ் துணியை விலக்கினார். அன்றைக்குத்தான் நின்றார். முதலில் ஒன்று மேலே வந்தது, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கின.

என்ன தம்பி என்று பின்னாலிருந்து அல்போன்சம்மாள் கேட்டார். பழைய தண்ணீர் அக்கா, ஊற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிச் சாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது முறை. முறைப்படியே ஒரு பூந்தொட்டி மண்ணில் ஊற்றினார். அடுத்த அறைப் பிள்ளை செத்துக் கிடக்கிறது, இவர் தண்ணீருக்கு மரியாதை பார்க்கிறார்!

சாடியைத் துடைத்து வைத்துவிட்டு, மாடியில் ஒன்றும் அகப்படவில்லை என்று தாளில் எழுதினார். கீழே வந்தவரைத் துரைசாமி வழிமறித்தார்.

“எங்கேருந்து வந்துச்சு அண்ணே?”

“தெரியல.”

துரைசாமி மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். “நீங்க அன்னிக்கே சொன்னீங்களே, அவ செம்பு வெச்சிருக்கான்னு.”

இல்லை என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் வேலை போகும், அந்த விதவை கோர்ட்டுப் படி ஏற வேண்டும், கோயிலில் தலைநிமிர முடியாது. இயேசுதாசன் வாயைத் திறக்கவில்லை. அவர் மூடிய வாய் பூவம்மாவின் தலையில் கொலைப்பழியைக் கட்டிவிட்டது.

வருஷங்கள் ஓடின. அல்போன்சம்மாளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். 78-இல் அந்த அம்மாள் இறந்தார், அதன்பிறகு பென்ஷன் என்ற சாக்கு கிடைத்தது. ஒருமுறை பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம் சொன்னார். அவர், போய் அந்தப் பெற்றவளிடம் சொல் என்றார். அடுத்த மாதம் இயேசுதாசன் வேறு சாமியாரின் வரிசையில் போய் நின்றுகொண்டார். கடைவீட்டைக் காலி செய்தார்கள். துரைசாமி குடும்பத்துக்குத் தெம்பனிஸில் வீடு கிடைத்தது என்று காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

1985-இல் ஓய்வு பெற்றார். இனிச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை. விலாசம் விசாரித்துப் பஸ் ஏறித் தெம்பனிஸ் போனார்.

பூவம்மாதான் கதவைத் திறந்தாள். அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டாள். அவர் கண் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்தது. பூந்தொட்டி இல்லை, பூச்சாடி இல்லை, வாளிகள் கவிழ்ந்திருந்தன. சாமி படத்துக்கு முன்னால் செம்பே இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு உலர்ந்த வீட்டை அவர் பார்த்ததில்லை.

உட்காராமலே சொன்னார். சாடியைச் சொன்னார், புழுவைச் சொன்னார், மண்ணில் ஊற்றியதைச் சொன்னார். செம்பில் அன்றைக்கு ஒன்றுமே இல்லை என்றார்.

பூவம்மா அழவில்லை.

“என் செம்பு இல்லையா?”

“இல்லம்மா.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“உங்க செம்பு இல்லம்மா.”

வீட்டுக்காரர் எங்கே, அவரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று இயேசுதாசன் சுற்றுமுற்றும் பார்த்தார். பூவம்மா சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படத்தில் துரைசாமி இருந்தார். போய் ஆறு மாதம் ஆகிறது என்றாள். பிறகு, இயேசுதாசன் முகத்தைப் பார்க்காமல், யாரிடமோ பேசுவதுபோல் சொன்னாள்.

“பன்னெண்டு வருஷம் எங்கூட ஒரு வார்த்த பேசல. கடைசியில ஆஸ்பத்திரியில தண்ணி தண்ணின்னு கேட்டாரு. நான் டம்ளர வாய்கிட்ட கொண்டு போனேன். என் கையப் பாத்துட்டு வாய இறுக்கி மூடிக்கிட்டாரு. அப்புறம் நர்சு வந்து கொடுத்தா, குடிச்சாரு.”